ஒற்றனைக் கண்டு நகைக்கலாமா?

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். சிறந்த நூலும் ஒற்றும் அரசனுக்கு இரு கண்கள் என்று தொடங்கும் வள்ளுவர், அடுத்தடுத்த குறள்களில் நல்ல ஒற்றனின் இலக்கணத்தை வகுத்துத் தருகிறார். காண்போர் ஐயுறாத தோற்றம் அவனுக்கு வேண்டும். வெகுண்டு நோக்குவோர் முன்னும் அஞ்சாத நெஞ்சம் வேண்டும். என்ன நேர்ந்தாலும் அறிந்ததை உமிழாத வாய் வேண்டும். துறவியர் வேடம் பூண்டு அரிய இடங்களையும் அவன் கடந்து செல்ல வேண்டும். ஒருவன் கொணர்ந்த செய்தியை மற்றொருவனைக் கொண்டு ஆராய்ந்த பின்னரே அரசன் கொள்ள வேண்டும். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பிறர் அறியச் செய்தலாகாது. செய்தால், மறைக்க வேண்டியதை அரசன் தானே வெளியிட்டவன் ஆவான்.

இருபதாம் நூற்றாண்டின் திரைப்படங்கள் இவ்விலக்கணத்தை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்கின. ஜேம்ஸ் பொண்ட் என்னும் ஆங்கில ஒற்றன் சூதாட்ட மண்டபத்தில் அமர்ந்து தன் பெயரை இருமுறை அழுத்திச் சொல்லுகிறான். அவன் அருந்தும் பானத்தை எவ்வாறு கலக்க வேண்டும் என்பது உலகத்து விடுதிப் பணியாளர் அனைவருக்கும் மனப்பாடம். பகைவனோ, ‘வருக மிஸ்டர் பொண்ட், உமக்காகவே காத்திருந்தேன்’ என்று வரவேற்கின்றான். இத்துணை ‘இரகசியமான’ ஒற்றனைக் கண்டு உலகம் நகைத்திருக்க வேண்டும், ஆனால் கைதட்டியது. நகைப்புப் பின்னரே வந்தது. அந்நகைப்பைப் பற்றியும், யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிலே பிறந்த எனக்கு அது வெறும் பொழுதுபோக்காக ஏன் தோன்றவில்லை என்பதைப் பற்றியும் சில சொல்ல விழைகின்றேன்.

என் பள்ளிப் பருவத்தில் ஒற்றர் படங்கள் தமிழிலே பெருகின. சேலம் மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் 1966ஆம் ஆண்டில் ‘வல்லவன் ஒருவன்’ என்ற படத்தை வெளியிட்டனர். ஆர். சுந்தரம் இயக்க, ஜெய்சங்கர் துப்பறியும் வீரராக நடித்தார். வேதாவின் இசையும் எல். ஆர். ஈஸ்வரியின் குரலும் அப்படத்தை இன்றும் வாழ வைக்கின்றன. அதே ஆண்டில் ‘இரு வல்லவர்கள்’, 1968இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ரகசிய போலீஸ் 115’, 1970இல் ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று வரிசை நீண்டது. ஜெய்சங்கருக்குத் ‘தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்’ என்ற பட்டமும் நிலைத்தது. ஊர்காவற்றுறையிலிருந்தும் வேலணையிலிருந்தும் பஸ் ஏறி, பண்ணைக் கடல்மேற் சென்ற நீண்ட பாதையைக் கடந்து, யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளில் இவற்றைப் பார்த்துத் திரும்பிய இளைஞர் பலர். நெடுந்தீவார் பாடு இன்னும் கடினம். படகிலே குறிகட்டுவானுக்கு வந்து, புங்குடுதீவையும் வேலணையையும் பஸ்ஸிலே கடந்தால்தான் பட்டணத்தை அடையலாம். அத்துணை பாடுபட்டுப் பார்த்த படத்தை எள்ளுவதற்கு எவருக்கு மனம் வரும்?

‘வல்லவன் ஒருவன்’ படத்துக்கு ஒரு பிறப்பு வரலாறு உண்டு. 1964இல் பிரான்ஸ் நாட்டில் அந்திரே உனெபெல் இயக்கிய, பாங்கொக் நகரத்திலே நிகழும் ஓ.எஸ்.எஸ். 117 படம் ஒன்றைத் தழுவியது அது. ஓ.எஸ்.எஸ். 117 என்பது ஜான் புரூஸ் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் படைத்த ஒற்றனின் குறியெண். அவருடைய முதல் நாவல் 1949இல் வெளிவந்தது. இயன் பிளெமிங்கின் முதல் பொண்ட் நாவல் வந்தது 1953இல். ஆகவே 117 என்பவன் 007க்கு நான்கு ஆண்டு மூத்தவன். பாரிஸிலே பிறந்து, பாங்கொக்கிலே உலவி, சேலத்திலே தமிழ் கற்று, யாழ்ப்பாணத்துத் திரையிலே தோன்றிய இவ்வொற்றனை நாங்கள் முழு மனத்தோடு நம்பினோம்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், 2006ஆம் ஆண்டில், அவனைப் பிறப்பித்த நாட்டவரே அவனை எள்ளி ஒரு படம் எடுத்தனர். ‘ஓ.எஸ்.எஸ். 117: கெய்ரோ, ஒற்றர்களின் கூடு’ என்பது அதன் பெயர். இயக்கியவர் மிஷேல் அசனவீசியுஸ். ஒற்றனாக நடித்தவர் ஜான் துஜார்தன். உடன் நடித்த பெண்மணி பெரெனீஸ் பெஜோ. பின்னர் 2011இல் ‘த ஆர்ட்டிஸ்ட்’ என்ற மௌனப் படத்தை எடுத்து ஒஸ்கார் விருதுகளை வென்றதும் இம்மூவர் கூட்டணியே. பாரிஸிலே குடியேறிய எம் தீவார் பலர். அத்தகைய உறவினர் வீடொன்றில் இப்படத்தைப் பார்த்தேன். உரையாடலைத் தமிழாக்கிச் சொன்ன மருமகன் இடையிலே, “மாமா, இவருக்கு ஒண்டும் தெரியாது, ஆனா எல்லாம் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கிறார்” என்றான். படத்தின் சாரம் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

கதை நிகழும் ஆண்டு 1955, களம் எகிப்து. மறைந்த நண்பன் ஒருவனின் முடிவைத் துப்பறியவும், அப்படியே மத்திய கிழக்கில் அமைதியை நிலைநாட்டவும் ஒற்றனை அனுப்புகின்றனர் மேலிடத்தார்! அவன் பூணும் வேடம் கோழிப்பண்ணை நிறுவனம் ஒன்றின் அதிபர். விளக்கைப் போட்டால் கோழிகள் கூவுகின்றன, அணைத்தால் அடங்குகின்றன என்பதைக் கண்டுபிடித்து, சிறு பிள்ளைபோல் போட்டும் அணைத்தும் மகிழ்கின்றான். ஏழைப் பணியாளன் ஒருவனுக்குப் பரிசாக அவன் கொடுப்பது பிரான்ஸ் சனாதிபதி ரெனே கோத்தியின் புகைப்படம். சுயெஸ் கால்வாயைக் கண்டதும், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை வெட்டிய எகிப்தியரை மெச்சுகின்றான். அது திறக்கப்பட்டது 1869இல். விடியற்காலையில் பள்ளிவாசலிலிருந்து எழும் தொழுகை அழைப்புத் தன் உறக்கத்தைக் கெடுத்தது என்று, கோபுரத்தில் ஏறி அழைப்பவரை அடித்து மௌனமாக்குகின்றான். பிறகு நிம்மதியாக உறங்குகின்றான். அந்நகரமோ அவனால் உறக்கம் இழக்கின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என்றார். எள்ளல் அவற்றுள் ஒன்று. பேதைமையும் மடனும் வேறு இரண்டு. பேதைமை அறியாமை, மடன், பிறர் கொளுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமை என்று உரைகாரர் வேறுபடுத்துவர். இந்நுட்பத்தை விளக்க இவ்வொற்றனிலும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எகிப்தைப் பற்றி அவன் ஒன்றும் அறியான், அது பேதைமை. அறிந்தவர் எதிரே நின்று எடுத்துரைத்தாலும், தன் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கற்றதை விடான், அது மடன். அவன் காணும் மனிதர் எவரும் அவனைத் திருத்துவதில் வெற்றி பெறுவதில்லை. அடுத்த ஆண்டாகிய 1956இல் நாசர் சுயெஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியதையும், பிரான்சும் பிரித்தானியாவும் இஸ்ரேலும் எகிப்தின்மீது படை எடுத்ததையும் அறிந்த பார்வையாளனுக்கு, இம்மடமையின் விலை எவ்வளவு என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒற்றர் படத்தை எள்ளிய படைப்புகள் இதற்கு முன்னும் பல. ‘கெட் ஸ்மாட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 1965இலேயே தொடங்கிவிட்டது. 1967இல் பொண்ட் நாவலின் பெயரையே தாங்கி ‘கசினோ ரோயல்’ என்ற கேலிப்படம் வந்தது. ‘ஒஸ்டின் பவர்ஸ்’ 1997இலும் ‘ஜொனி இங்கிலிஷ்’ 2003இலும் வந்தன. இவற்றுள் பலவும் முகத்தைக் கோணிச் சிரிக்க வைப்பவை. பிரெஞ்சுப் படத்தின் வழி வேறு. பழைய படங்களின் ஒளியமைப்பு, அவற்றின் நிறம், ஓடாத மோட்டார் வண்டிக்குப் பின்னால் ஓடும் திரைக்காட்சி, புருவத்தை உயர்த்திப் பார்க்கும் நாயகனின் மிடுக்கு ஆகிய அனைத்தையும் மிக்க பத்தியோடு அப்படியே மீளப் படைத்திருக்கின்றனர். நடிகர் ஒருகணமும் தாம் பகிடி செய்வதாகக் காட்டிக்கொள்வதில்லை. மூலத்தை நேசிக்காதவனால் அதனை இத்துணைத் துல்லியமாக எள்ள இயலாது. வெறுப்பினால் பிறக்கும் கேலி உருவத்தைக் கெடுக்கும். அன்பினால் பிறக்கும் கேலி உருவத்தைக் காத்து, உள்ளே உள்ள வெறுமையைக் காட்டும். அங்கதம் பயிலும் மாணவர் மனங்கொள்ள வேண்டிய பாடம் இது.

இனி, தீவாருக்கு இதில் என்ன தொடர்பு என்பதற்கு வருகின்றேன்.

ஒற்றர் படங்களுக்குத் தீவு என்றால் தனி மோகம். பொண்ட் வரிசையின் முதற் படமாகிய ‘டொக்டர் நோ’ 1962இல் வந்தது. அதிலே வில்லனின் கோட்டை இருப்பது கரீபியன் கடலிலுள்ள ஒரு கற்பனைத் தீவில். அங்கே நெருப்பு உமிழும் பறவைநாகம் உலாவுவதாக மீனவர் அஞ்சுகின்றனர். உண்மையில் அது நெருப்புக் கக்கும் ஓர் இயந்திர வண்டி. பொண்டைப் படகிலேற்றிச் செல்லும் குவாரல் என்ற தீவு மனிதன், பொண்டின் சப்பாத்தை எடுத்துக் கொடுக்கின்றான், அஞ்சுகின்றான், கடைசியில் அந்நெருப்பிலே எரிந்து சாகின்றான். கதை அவனுக்காக நிற்பதில்லை. அவனுக்கு மனைவி மக்கள் உண்டா, அவன் வலைகளை யார் எடுத்தனர் என்று எவரும் கேட்பதில்லை. இளமையில் பொண்டாக இருக்க விரும்பாதவர் எவருமில்லை. எனினும் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் நாங்கள் குவாரலின் இனத்தவர்.

எங்கள் கடலிலும் அத்தகைய கோட்டை ஒன்று நிற்கின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, நீரிலிருந்தே எழுந்தது போன்ற கற்சுவர்களோடு விளங்கும் அதனை எம்மூரார் கடற்கோட்டை என்பர். பூதத்தம்பி கோட்டை என்ற பெயரும் வழங்கும். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றி, ஹம்மன்ஹீல் என்று பெயரிட்டனர். இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடையிறைச்சி போலத் தோன்றியதாம். இவ்விடம் அதன் குதிகாலாம்! அவர்களே காரைதீவுக்கு அம்ஸ்ரடாம் என்றும், வேலணைக்கு லைடன் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும், அனலைதீவுக்கு ரொட்டர்டாம் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். எகிப்தியனுக்கு ரெனே கோத்தியின் படத்தைப் பரிசளித்த ஒற்றனுக்கும் இவர்களுக்கும் வேற்றுமை யாது? நாகபூசணி அம்மன் வீற்றிருக்கும் நயினாதீவை ஹார்லெம் என்று அழைத்த நாவைக் கண்டு நாம் நெடுங்காலம் நகைக்க மறந்தோம். இன்றும் டெல்ஃப்ட் என்ற பெயர் அரசாங்க ஏடுகளில் வாழ்கின்றது. கடற்கோட்டையோ பிற்காலத்தில் சிறையாகப் பயன்பட்டு, இன்று கடற்படை நடத்தும் உல்லாச விடுதியாக விளங்குகின்றது. ஒற்றர் படம் எடுப்போர்க்கு இதனைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

ஆயினும் எங்கள் மண்ணில் ஒற்றன் என்ற சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. அதனைச் சொல்லாது விடுவது நேர்மையன்று.

கோட்டைக்குப் பெயர் கொடுத்த பூதத்தம்பியின் கதையைத் தீவாரும் குடாநாட்டாரும் அறிவர். யாழ்ப்பாண வைபவமாலை அதனைச் சொல்லுகின்றது. கூத்து மேடைகள் அதனை ஆடியிருக்கின்றன. பூதத்தம்பியின் மனைவிமீது கண்வைத்து அவமதிக்கப்பட்ட அந்திராசி, மரம் தருவிப்பதற்கென்று சொல்லி வெற்றுத்தாளிலே அவனுடைய கையொப்பத்தைப் பெறுகின்றான். அத்தாளிலே, ஒல்லாந்தரைக் காட்டிக்கொடுத்துப் பறங்கியரை அழைப்பதாக ஒரு கடிதம் எழுதப்படுகின்றது. பூதத்தம்பி துரோகியாகிக் கொலையுண்கின்றான். மூவர் சொல் ஒத்தால் அன்றி ஒற்றுச் செய்தியை நம்பாதே என்ற வள்ளுவர் வாக்கு அன்று எவர் நினைவிலும் இல்லை. ஒரு தாளும் ஒரு கையொப்பமும் போதுமானவையாயிருந்தன.

எங்கள் தலைமுறைக்குத் தாள்கூடத் தேவைப்படவில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் ஊரவரை மைதானத்திலோ பள்ளிக்கூட முற்றத்திலோ வரிசையாக நிறுத்துவர். எதிரே ஒருவன் இருப்பான். தலை முழுவதையும் சாக்கு மூடியிருக்கும். கண்களுக்கு மட்டும் இரு துளைகள். ஒவ்வொருவராக அவன் முன்னே செல்ல வேண்டும். அவன் தலை அசைந்தால் ஒரு வாழ்வு முடிந்தது. மக்கள் அவனுக்குத் ‘தலையாட்டி’ என்று பெயரிட்டனர். நானும் அவ்வரிசையில் நின்றவன். அச்சாக்கினுள்ளே இருந்தவன் அடித்துப் பணியவைக்கப்பட்ட ஏதோ ஒரு தாயின் பிள்ளையாக இருக்கலாம் என்ற எண்ணம் அன்று எழவில்லை. அவன் தலையின் அசைவை மட்டுமே கண்டேன். மறுபுறத்தில், உளவு சொன்னதாக ஐயுறப்பட்டவர்கள் மின்கம்பங்களிலே பிணமாகக் கட்டப்பட்டனர். அவர்கள் கழுத்திலே குற்றச்சாட்டு எழுதிய அட்டை தொங்கிற்று. விசாரித்தவர் யார், சாட்சி சொன்னவர் யார் என்று கேட்பவரும் அடுத்த கம்பத்துக்கு உரியவராயினர். 1985ஆம் ஆண்டு மே 15 அன்று குமுதினிப் படகிலே சென்ற பயணிகள் வெட்டுண்டு மாண்டதும் இக்கடலில்தான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகள் படையினர் வசமாகி, மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அதன்பின் நெடுங்காலம், சொந்த ஊருக்குப் போகும் மனிதன் தான் ஒற்றனல்லன் என்று ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இத்தகைய மண்ணிலே ஒற்றனைக் கண்டு நகைக்கலாமா? நகைப்பது இறந்தோரை அவமதிப்பதாகாதா? இவ்வினாவை நான் பல நாள் என்னுள்ளே கேட்டதுண்டு. நகைப்பு யார்மீது பாய்கின்றது என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது என் கருத்து. சாக்கினுள்ளே நடுங்கியவனையும் வரிசையிலே நடுங்கியவனையும் எள்ளுவது கொடுமை. அவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திய ஆணவத்தை எள்ளுவது அறம். ஒன்றும் அறியாமல் எல்லாம் அறிந்ததாக நடிக்கும் அதிகாரம், முகத்தைப் பார்த்தே துரோகத்தைக் கண்டுபிடிக்கும் அதிமேதை, தலை அசைந்தால் போதும் என்னும் நீதி ஆகிய இவற்றின் முன் நாம் அஞ்சி நின்றோம். அஞ்சிய பொருளின் உள்ளே பேதைமையும் மடனுமே இருந்தன என்று காண்பதற்கு நகைப்பைவிடச் சிறந்த விளக்கு இல்லை. பிரெஞ்சு ஒற்றன் தன் நாட்டாராலேயே எள்ளப்பட்டான் என்பதையும் கருத வேண்டும். பிறரை எள்ளுவது எளிது. தம்மவன் ஒருவனைத் திரையில் நிறுத்தி, ‘நாம் இப்படித்தான் இருந்தோம்’ என்று சொல்லுவதற்கு ஒரு சமூகத்துக்கு மனத்திடம் வேண்டும்.

தமிழருக்கு இக்கலை புதிதன்று. தேவன் 1942இல் ஆனந்த விகடனில் ‘துப்பறியும் சாம்பு’வைத் தொடங்கினார். அறிவிலே குறைந்த சாம்பு, தவறி விழுந்தே திருடனைப் பிடிப்பான். உலகமோ அவனை மேதை என்று கொண்டாடும். மலையாளத்தில் 1987இல் வந்த ‘நாடோடிக்காற்று’ படத்தில், வேலையில்லாத இரு இளைஞரைக் கள்ளக்கடத்தற்காரர்கள் சி.ஐ.டி. என்று எண்ணி நடுங்குகின்றனர். பாண்டியராஜனும் எஸ்.வி. சேகரும் நடிக்க 1988இல் அது தமிழில் ‘கதாநாயகன்’ ஆயிற்று. ஐயம் என்பது எவ்வளவு எளிதில் தானே தனக்குச் சான்று படைத்துக்கொள்ளும் என்பதை இப்படங்கள் சிரிக்கச் சிரிக்கக் காட்டின. ஈழத்திலும் வானொலி நகைச்சுவை நாடகத்திலிருந்து பிறந்த ‘கோமாளிகள்’ 1976இல் படமாகி, நம்முடைய பேச்சையும் நம்முடைய பகிடியையும் திரைக்குக் கொண்டுவந்தது. அந்த மரபு போரினால் முறிந்தது. ஒற்றனைப் பற்றிய பகிடி மட்டும் நம்மிடையே பிறக்கவேயில்லை. பிறக்கக்கூடிய காலத்தில் அதனைச் சொல்ல எவருக்கும் துணிவில்லை.

அப்படி ஒரு படம் தீவுப்பகுதியில் எடுக்கப்படுமாயின் அது எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றேன். கறுப்புக் கண்ணாடியும் கோட்டும் அணிந்த ஒற்றன் ஒருவன் குறிகட்டுவானில் படகேறுகின்றான். சோழகக் காற்று வீசுங்காலம். நடுக்கடலில் வாந்தி எடுத்து, பக்கத்திலிருந்த ஆச்சி தந்த தேசிக்காயை முகர்ந்தபடி நெடுந்தீவில் இறங்குகின்றான். தான் யாரென்று எவரும் அறியார் என்று அவன் நம்புகின்றான். படகு கரையைத் தொடுமுன்னரே ஊர் அறிந்துவிட்டது. பவளக் கல்வேலிக்குப் பின்னால் அவன் ஒளிந்திருக்க, வேலிக்கு மேலாக ஒரு தலை எட்டிப் பார்த்து, “தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?” என்று கேட்கின்றது. இவ்வினாவுக்கு அவனுடைய பயிற்சிக்கூடத்தில் விடை கற்பிக்கப்படவில்லை. தாயின் ஊர், தகப்பனின் ஊர், அம்மம்மாவின் வீட்டுப் பெயர் என்று அடுத்தடுத்து வினாக்கள் வர, மாலைக்குள் அவன் தன் இரகசியம் முழுவதையும் ஒடியற் கூழோடு விழுங்க முடியாமல் கக்கிவிடுகின்றான். நாலு தலைமுறை உறவை வாய்ப்பாடாகச் சொல்லும் ஒரு கிழவியின் முன்னே எந்த நாட்டு உளவுத்துறை நிற்கும்?

“நீர் ஆற்றை பிள்ளை?” என்பது எம்மவர் முன்பின் அறியாதவனை உறவினனாக்கும் வினா. அதே வினாவைத் துப்பாக்கியோடு நின்றவர்களும் கேட்டனர். அப்போது அதற்கு விடை சொன்ன பிள்ளைகள் பலர் வீடு திரும்பவில்லை. அவ்வினாவைக் கிழவியின் வாய்க்கே மீட்டுக் கொடுப்பதுதான் நான் வேண்டும் நகைச்சுவையின் பணி. எழுதும் ஆற்றல் படைத்த இளைஞர் எம் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் பலர் உளர். படப்பிடிப்புக் கருவி இன்று கைக்குள் அடங்கிவிட்டது. கடலும் கோட்டையும் கல்வேலியும் காத்து நிற்கின்றன. வரிசையில் நின்ற தலைமுறையினராகிய நாங்கள் இன்னும் சிலர் உயிரோடிருக்கும்போதே அப்படத்தை எடுங்கள். முன்வரிசையில் அமர்ந்து சிரிக்க எங்களுக்கும் விருப்பம் உண்டு.